செருப்புக் காலோடு ஒரு கிரிவலம்

இருபது வருஷமாக வெறுங்காலில் அண்ணாமலையைச் சுற்றியவர் அம்மா. போன சித்திரையில் தார் ரோட்டுச் சூட்டில் உள்ளங்காலில் கொப்புளம் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து நான் பார்த்துச் சொல்லும்வரை அவருக்கே தெரியாது. சர்க்கரை நோயில் காலின் உணர்ச்சி மங்கியிருந்தது, ரத்த ஓட்டமும் குறைந்திருந்தது. புண் ஆற இரண்டு மாதம் ஆனது. இனி வெறுங்காலே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால மிதிக்கக் கூசித் தலையால நடந்தாங்க. நான் செருப்பு மாட்டிக்கிட்டா சுத்தறது?” என்று அம்மா கிரிவலத்தையே விட்டுவிட்டார்.

“கண்ணப்ப நாயனார் செருப்புக் காலைச் சாமி கண்மேலயே வச்சாரே, அவரைச் சாமி தள்ளியா விட்டாரு?” என்றேன். அம்மா பதில் பேசவில்லை. ஐப்பசிப் பௌர்ணமிக்குக் கிளம்பினோம்.

சர்க்கரை நோய்க் காலுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்யும் எம்.சி.ஆர். செருப்பை மாலையில் போய் அளவு பார்த்து வாங்கினேன். பொழுது சாயச் சாயக் கால் சற்று வீங்கும், காலையில் எடுத்தது இரவில் இறுக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வோர் அடிக்கும் சுருங்கி, கீழே தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. உள்ளங்காலில் பின்னிக் கிடக்கும் ரத்தக் குழாய்களும் மிதிபடும்போது பிழிந்து கொடுக்கின்றன. வளையாத கட்டை அடியும் விரலை நெருக்கும் முனையும் இந்த அசைவைக் கெடுக்கும். வார் இறுகினால் அந்த இடத்துத் தோலுக்கு ரத்தம் போவதே குறையும். நல்ல காலுக்கு வெறுங்கால் நடை சுகம்தான்; விரல் விரிந்து மண்ணைப் பிடிக்கும். நானும் வெறுங்காலில்தான் நடந்தேன். உணர்ச்சி இல்லாத காலுக்கு ஒரு சிறு கல் போதும்.

14 கிலோமீட்டர். ஒவ்வொரு லிங்கத்தின் வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். எமலிங்கம் தாண்டி ஒரு திண்ணையில் உட்காரவைத்து, அவர் பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் வார் பட்ட சிவப்புத் தடம். விரலால் அழுத்தினேன், வெளுத்து, உடனே சிவந்தது. வாரை ஒரு விரல்கடை தளர்த்திவிட்டேன். “பெத்தவ காலைப் புடிச்சிட்டு உக்காந்திருக்கியே, நேரமாகுது” என்றார். குரல் தழுதழுத்தது. மலை நிலா வெளிச்சத்தில் கருநீலமாக நின்றது. நிருதிலிங்கத்தில் மறுபடி பார்த்தேன், தடம் மறைந்திருந்தது. அதன்பிறகு மெதுவாகத்தான் நடந்தோம். ஆதி அண்ணாமலையார் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம்.

விடியும் நேரம் ராஜகோபுரம் வந்து சேர்ந்தோம். செருப்பை விட்டுவிட்டு, காலைக் கழுவி, விரலிடுக்கு ஈரத்தை நான் துடைத்துவிட்டதும் அம்மா உள்ளே கருங்கல் தளத்தில் இரண்டு காலையும் ஊன்றி நின்றார்.

“கல்லு சில்லுனு இருக்குதா தம்பி?”

“ஆமாம்மா” என்றேன்.