பள்ளத்தூர் பாப்பாவும் எங்கள் தமிழம்மாவும்

எண்பதுகளில் கோத்தகிரியில் நம்மோடு படித்தவர்கள் யாரும் தமிழம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். செட்டிநாட்டுப் பக்கம், பள்ளத்தூரை ஒட்டிய ஊர்க்காரர். மலைக்குளிர் அவருக்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவே இல்லை. ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, காதை மூடி மப்ளர் என்றுதான் வகுப்புக்குள் வருவார். எந்தப் பாடம் நடத்தினாலும் பேச்சு எப்படியோ மனோரமாவிடம் வந்து நிற்கும். ஊரே ஆச்சி என்று அழைத்த காலத்திலும் தமிழம்மாவுக்கு அவர் 'பள்ளத்தூர் பாப்பா'தான். "எங்க ஊர்ப் பொண்ணுத்தா" என்பார், பெருமை பொங்க.

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டவுடன் எனக்குத் தோன்றியது இந்த இரண்டு பேர்தான்.

மனோரமா 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தவர். இயற்பெயர் கோபிசாந்தா. அப்பா கைவிட்டுவிட, அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை பார்த்துப் பிழைத்தார். பாப்பாவின் படிப்பும் பாதியில் நின்றுபோனது. சின்ன வயதிலேயே நாடக மேடை ஏறினார். மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். பிறகு எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றம். கலைஞர் எழுதிய 'மணிமகுடம்' நாடகத்தில் கதாநாயகி. அண்ணாவோடும் மேடையில் நடித்திருக்கிறார். சினிமாவுக்குக் கூட்டி வந்தவர் கண்ணதாசன்; படம், 1958இல் வந்த 'மாலையிட்ட மங்கை'. அதில் கிடைத்தது நகைச்சுவை வேடம். மேடையில் நாயகியாக நடித்தவருக்குத் தயக்கம் இருக்காதா? கதாநாயகி என்றால் சில வருஷம்தான், நகைச்சுவை என்றால் காலமெல்லாம் நிலைக்கலாம் என்று கண்ணதாசன் சொன்னதை மனோரமாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் 'கொஞ்சும் குமரி'யில் நாயகியாகவும் நடித்துவிட்டார்.

ஆனால் தமிழம்மா இதையெல்லாம் வேகமாகச் சொல்லி முடித்துவிடுவார். அவர் நின்று நிதானமாகப் பேசியது ஆச்சியின் காதைப் பற்றி. ஆமாம், காதுதான். ஒருத்தர் பேசுவதைக் கேட்டால் போதும், அந்த ஊர்க்காரியாகவே மாறிவிடுவார் என்பார். 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிப் பேச்சு. 'பொம்மலாட்ட'த்தில் 'வா வாத்தியாரே ஊட்டாண்ட' என்று அவரே பாடிய மெட்ராஸ் பாஷை. நாங்கள் பள்ளியை விட்டுப் போன பிறகு வந்த 'சின்னக்கவுண்டர்' படத்தில் கொங்குத் தாய். பள்ளத்தூரில் வளர்ந்த பெண் இத்தனை ஊர்ப் பேச்சையும் நாக்கில் வைத்திருந்தார். கம்பெனி நாடகத்தில் ஊர் ஊராக அலைந்து, அந்தந்த ஊர் ஜனங்களுக்கு நடுவே இருந்து பிடித்துக்கொண்டது அது. புத்தகம் படித்து வராது.

இது எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். என் பெற்றோர், இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி கண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் வந்து சேர்ந்தார்கள். எங்கள் வகுப்பில் படுகர் வீட்டுப் பிள்ளைகள், மலையாளப் பிள்ளைகள், கன்னடம் பேசுகிறவர்கள், கோயமுத்தூர்த் தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் இருந்தோம். நான் வாயைத் திறந்தால் மட்டும் பின் பெஞ்சில் 'சிலோன்காரி' என்று சிரிப்பு கேட்கும். அதனால் நான் பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தேன்.

ஆண்டு விழா நாடகத்துக்குத் தமிழம்மா ஆள் எடுத்தபோது என்னை ஒரு கிழவி வேஷத்துக்குக் கூப்பிட்டார். தோட்டத்துக் கிழவி. வசனத்தை எழுத்துத் தமிழில் கடகடவென்று ஒப்பித்தேன். "ஒங்க அப்பாயி இப்படியா பேசும்? அது பேசுற மாதிரி பேசுத்தா" என்றார். வீட்டுக்குப் போய் அப்பாயியைக் கவனித்தேன். பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பதற்கு, நேரமாகிவிட்டதென்று அம்மாவை விரட்டும்போது ஒரு குரல். கொழுந்து நிறுக்கிற இடத்தில் எடையைக் குறைத்துப் போட்டதைச் சொல்லும்போது வேறு குரல். கண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியையும் இழுப்பார். மூன்றையும் அப்படியே பிடித்துக்கொண்டு போனேன்.

ஒத்திகை நடந்தது ஐப்பசி மழையில். தகரக் கூரை போட்ட அந்த ஹாலில் மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. தமிழம்மா கடைசி வரிசைக்குப் போய் நின்றுகொண்டு "கேக்கலத்தா!" என்பார். நான் கத்துவேன். "கத்தாதே, வயித்துலேர்ந்து பேசு" என்பார். மைக் எட்டாத இடத்தில் உட்கார்ந்திருப்பவரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார், பாப்பா அவருக்கும் சேர்த்துத்தான் பேசும் என்று சொல்வார். வசனத்தின் கடைசி எழுத்தை விழுங்காமல் சொல்ல வேண்டும்; சிரிப்பு எழுந்தால் அது அடங்கத் தொடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியை எடுக்க வேண்டும். இரண்டையும் அந்த ஹாலில்தான் கற்றேன்.

விழா அன்று நான் வாயைத் திறந்ததும் சிரித்தார்கள். பின் பெஞ்சுச் சிரிப்பு இல்லை அது. தோட்டத்திலிருந்து வந்திருந்த அம்மாக்கள் தங்கள் வீட்டுக் கிழவியை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து எங்கள் தோட்டத்து மைதானத்தில் திரை கட்டி 'தில்லானா மோகனாம்பாள்' போட்டார்கள். 1968இல் ஏ.பி.நாகராஜன் எடுத்த படம். ஜில் ஜில் ரமாமணியாக ஆச்சி வருகிறார். இந்தச் சத்தம் உங்க நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்று சிவாஜியிடம் அவர் கேட்கும் இடத்தில் மைதானமே சிரித்தது. எதிரே நிற்பது சிவாஜி. கொஞ்சமும் கூச்சமில்லாத வெள்ளந்தியாகக் கேட்கிறார். எனக்கோ அந்தக் கேள்வியைவிட, கேட்டுவிட்டுப் பதிலுக்காக முகத்தை நிமிர்த்திக் காத்திருந்ததுதான் கண்ணில் நின்றது. ரமாமணி ஒரு நாடகக்காரி. நாடகக் கொட்டகையில் வளர்ந்த ஒருத்தியே அந்த வேஷத்தைக் கட்டியதால்தான் அதில் பொய்யே இல்லை.

ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார், கின்னஸில் இடம் பிடித்தார், ஐந்து முதலமைச்சர்களோடு நடித்தார் என்று அவரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். 'புதிய பாதை'க்குத் தேசிய விருதும் 2002இல் பத்மஸ்ரீயும் கிடைத்தன. எல்லாம் நிஜம்தான், பெருமைதான். ஆனால் ஆச்சியை நகைச்சுவை நடிகை என்று ஒரு வார்த்தையில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. வேலைக்காரி, கிழவி, நாடகக்காரி, குப்பத்துப் பெண் என்று படத்தில் ஓரமாக நிறுத்தப்படும் பெண்களுக்கு அவரவர் பேச்சையே கொடுத்து நடுவில் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர். 2015 அக்டோபர் 10 அன்று அவர் மறைந்த செய்தி வந்தபோது இங்கே டொராண்டோவில் இருந்து தமிழம்மாவுக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் பேசினோம். பேச்சு முழுக்க ஆச்சியின் நாடகக் காலம்தான்.

இந்த வருஷச் சங்க ஒன்றுகூடலில் பிள்ளைகள் நாடகத்தைப் பழக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவரவர் வீட்டுப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு, அவர்கள் பேசுகிற மாதிரியே வசனம் பேச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் இருப்பவர்கள் பிள்ளைகளோடு வீடியோ காலில் கொஞ்சம் கூடுதலாகப் பேசிக் கொடுங்கள். ஒத்திகை ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம். கடைசி வரிசையில் நான் நின்றுகொண்டிருப்பேன்.