கேரீன் வில்சனும் எங்கள் அரசியல் வகுப்பும்

1971இல் இலங்கை நாடாளுமன்றத்தின் மேலவையான செனற் சபை ஒழிக்கப்பட்டபோது நாங்கள் உயர்தர வகுப்பில் இருந்தோம். அரசியல் பாடம் கற்பித்த ஆசிரியர், மடித்த நாளிதழைக் கக்கத்தில் இடுக்கியபடி வகுப்புக்குள் வந்து, கரும்பலகையின் நடுவே ஒரு கோடு கீறி, ஒரு பக்கம் இலங்கை என்றும் மறுபக்கம் கனடா என்றும் எழுதினார். மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யாத ஒரு சபையால் மக்களுக்கு என்ன பயன் என்று எங்களைக் கேட்டுவிட்டு, கனடாவின் முதற் பெண் செனற்றரான கேரீன் வில்சன் அம்மையாரின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினார். 1980களில் ஏதிலியாகக் கனடா வந்து சேர்ந்த பின்னரே அந்தப் பாடத்தின் அருமை எனக்கு முழுமையாக விளங்கியது.

செனற் சபைக்கு நியமிக்கத் தகுந்தவர்களுள் பெண்கள் அடங்கார் என்று கனடாவின் உச்ச நீதிமன்றம் 1928இல் தீர்ப்பளித்தது. அல்பேர்ட்டா மாகாணப் பெண்கள் ஐவர் பிரித்தானியப் பேரரசின் மேன்முறையீட்டு மன்றமான இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை சென்று, 1929 ஒக்டோபர் 18இல் அதனை மாற்றுவித்தனர். இலங்கை வழக்குகளுக்கும் நெடுங்காலம் அதுவே இறுதி மன்றம் என்பதால், ஆசிரியர் அந்தப் பெயரின் கீழ் இருமுறை கோடிட்டார். ஐவருள் முன்னின்ற எமிலி மேர்ஃபிக்கே முதல் நியமனம் கிடைக்கும் எனப் பலரும் எதிர்பார்த்திருக்க, பிரதமர் மக்கென்சி கிங் 1930 பெப்ரவரியில் வில்சனைத் தெரிவுசெய்தார். மேர்ஃபி அந்த ஆசனத்தைக் காணாமலே 1933இல் மறைந்தார். அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்றே இன்றும் கருதுகிறேன்.

எட்டுப் பிள்ளைகளின் தாய், மொன்றியல் செல்வந்தக் குடும்பத்தவர், செனற்றர் ஒருவரின் மகள் என்பதால் வில்சன் கட்சிக்கு அடங்கி நடப்பார் என்று எண்ணியோர் ஏமாந்தனர். 1938இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த மியூனிக் உடன்படிக்கையைக் கிங் வரவேற்றிருந்தும், வில்சன் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். அதே ஆண்டு ஏதிலியருக்கான கனேடியத் தேசியக் குழுவின் தலைமையை ஏற்று, ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பியோடிய யூதர்களுக்கு இடமளிக்குமாறு இடையறாது வாதாடினார். அரசாங்கம் இலேசில் இணங்கவில்லை. 900க்கு மேற்பட்ட யூதர்களுடன் கியூபாவிலிருந்து திருப்பப்பட்ட சென் லூயிஸ் கப்பலைக் கனடாவும் 1939இல் ஏற்கவில்லை. 1933 முதல் 1945 வரை ஏறத்தாழ 5000 யூதர்களே இந்நாட்டுக்குள் வர முடிந்தது.

எனினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. ஜேர்மனி, ஒஸ்திரியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் பிரித்தானியா எதிரி நாட்டவராகக் கருதி 1940இல் இங்கு அனுப்பிய யூத இளைஞர்கள் முட்கம்பி வேலிக்குள் அடைக்கப்பட்டபோது, அவர்களை விடுவித்துப் படிக்கவைக்க அவரது குழு பாடுபட்டது. அம்முகாம்களிலிருந்து வெளிவந்து ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பயின்ற வால்ட்டர் கோன், 1998இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

அக்காலத்துச் செனற்றர் பதவி ஆயுட்காலப் பதவி. வாக்குக் கேட்கப் போகவேண்டியிராத ஒருவரால்தான், வாக்கே இல்லாத அந்நியருக்காக அத்தனை ஆண்டுகள் பேச முடிந்தது என்பது எங்கள் ஆசிரியரின் விளக்கம். அவ்வாறே அந்நியனாக வந்து குடியேறிய எனக்கும் அதுவே சரியெனப்படுகிறது. 1947இல் குடிவரவு, தொழில் நிலைக்குழுவின் தலைமையும், 1955இல் பிரதி சபாநாயகர் பதவியும் அவரை வந்தடைந்தன. இரண்டிலும் அவரே முதற்பெண். 1962இல் இறக்கும்வரை அவர் செனற்றராகவே இருந்தார்.