பத்து மீட்டரில் ஒரு கறுப்பு வட்டம்

போன ஜூனில், 41 வயதில், ஏர் பிஸ்டல் பழக ஆரம்பித்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் துப்பாக்கிச் சுடுதலில் இரண்டு வெண்கலம் வென்றதைப் பார்த்ததிலிருந்தே மனதில் கிடந்த ஆசை.

முதல் இரண்டு வாரம் பெல்லட்டே (சின்ன ஈயக் குண்டு) தரவில்லை. வெறும் சுவரைப் பார்த்து, ஒற்றைக் கையை நீட்டி, டிரிகரை மட்டும் அழுத்தச் சொன்னார் கோச். ஒரு கிலோ எடைதான். ஆனால் இருபதாவது தடவை தூக்கும்போது தோள் எரிகிறது.

கண் விஷயம்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். இலக்கைக் கூர்ந்து பார்க்கக் கூடாது. முன் சைட் (குழலின் நுனியில் குறிபார்க்க இருக்கும் முனை) தெளிவாகத் தெரிய வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாகவே இருக்கட்டும். பத்துப் புள்ளி வட்டம் வெறும் 11.5 மில்லிமீட்டர். அதைத் தேடிப் பார்வை ஓடினால் சைட் கோணிவிடும், சுட்டது ஏழுக்குப் போய்விடும். கை ஆடத்தான் செய்யும். அந்த ஆட்டத்தோடேயே டிரிகரை மெதுவாக அழுத்த வேண்டும். 'இப்போ!' என்று வெடுக்கென இழுத்தால் கெட்டது.

அப்புறம், புதிதாக வருபவர்கள் உடனே பிஸ்டல் வாங்க வேண்டாம். ரேஞ்சில் இருப்பதை வைத்தே பழகுங்கள். எந்தக் கைப்பிடி நமக்குப் பொருந்தும் என்பது சில மாதம் கழித்துத்தான் புரியும்.

போட்டியில் 60 முறை சுட வேண்டும், காகித இலக்கு என்றால் 90 நிமிடம். நேற்று முதல் முறையாக அறுபதையும் முடித்தேன்: 600-க்கு 489 புள்ளி. கடைசிப் பத்து முறை சுட்டதில் மூன்று, பத்துப் புள்ளி வட்டத்தில். அந்த இலக்கு அட்டைகளை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.