குறிகாட்டுவானுக்கு அப்பால் ஒரு மணி நேரம்

யாழ்ப்பாணத்தில் 776 பேருந்தில் ஏறினால், பண்ணையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கடல்தான். வேலணை, புங்குடுதீவு என்று போய், தரை முடிகிற இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். அதுதான் குறிகாட்டுவான் இறங்குதுறை. அங்கே பெரிய கூட்டம் நயினாதீவுக்கு. அம்மனைக் கும்பிடவும் விகாரையைப் பார்க்கவும் போகிறவர்கள். சாக்கு மூட்டையும் சிமெந்துப் பையும் எரிவாயு சிலிண்டருமாக நிற்பவர்கள் நெடுந்தீவுக்காரர்கள். நானும் நெடுந்தீவுக்குத்தான். அவர்களோடு போய் நின்றுகொண்டேன்.

படகில் முதலில் சாமான் ஏறுகிறது, அப்புறம்தான் மனிதர்கள். ஒரு மோட்டார் சைக்கிளை நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். என் பக்கத்தில் இருந்த அக்கா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு இரவு தங்கிவிட்டுத் திரும்புகிறார். வைத்தியம் முடிந்தது ஒரே நாளில்தானாம். படகைத் தவற விட்டதால் இன்னொரு இரவு. தீவில் எதைப் பற்றிக் கேட்டாலும் பதில் படகில்தான் வந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு ஆசிரியர் வருவதும் கடைக்கு மரக்கறி வருவதும் அதில்தான்.

சோழகக் காற்றுக் காலம். பாதி வழியில் படகு நன்றாகவே ஆடியது. மாவிலித்துறையில் இறங்கியதும் குமுதினிப் படகில் இறந்தவர்களின் நினைவிடத்துக்குப் போனேன். 1985 மே 15 அன்று இதே கடல்வழியில் அந்தப் படகை மறித்து, பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். இப்போதுதான் நானும் அந்தத் தண்ணீரைக் கடந்து வந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அங்கிருந்து நகர முடியவில்லை.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் காட்டுக் குதிரைகளையும் பாவோபாப் எனப்படும் பெருக்க மரத்தையும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கோட்டையின் இடிபாட்டையும் பார்த்துவிட்டுப் பிற்பகல் படகில் திரும்பிவிடுகிறார்கள். நானும் பார்த்தேன். என் மனதில் தங்கியது வேலிகள்தான். பவளப் பாறைக் கல்லான முருகைக்கல்லைச் சாந்து எதுவும் இல்லாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தீவு முழுக்க ஓட விட்டிருக்கிறார்கள். ஒல்லாந்தர் இங்குள்ள தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரோட்டர்டாம். அவையெல்லாம் மறைந்துவிட்டன. நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் இன்றும் ஆங்கில வரைபடங்களில் இருக்கிறது. ஊர்க்காரர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை.

கடற்கரையில் ஒரு கொட்டிலுக்குள் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். நீலக்கால் நண்டு வலைக்குள் சுற்றிச் சுற்றிச் சிக்கியிருக்கும். கால் முறியாமல் எடுக்க வேண்டும், முறிந்தால் விலை போய்விடும். முழுசாக இருப்பது ஐஸ் பெட்டிக்கு, முறிந்தது வீட்டுக் கறிக்கு. ஒரு பெரியவர் பேசிக்கொண்டே எடுத்தார். அவர் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒருமுறைகூட அவசரப்படவில்லை.

"தம்பி எந்த ஊர்?" என்றார். இராமநாதபுரம் என்றேன். கை ஒரு கணம் நின்றது.

"உங்களைச் சொல்லேல்லைத் தம்பி. இரவு வலையைப் போட்டுட்டு விடிய வந்து பாத்தா வலை இல்லை. றோலர் வாரிக்கொண்டு போட்டுது."

எங்கள் ஊரில் அதை விசைப்படகு என்போம். இங்கே றோலர், இழுவைப் படகு. அதன் மடிவலை கடலடியைச் சுரண்டிக்கொண்டே வரும். குஞ்சு, முட்டை, பாசி, அடுத்தவர் வலை எல்லாம் அதற்குள் போய்விடும். இலங்கையில் 2017இல் அந்தத் தொழிலையே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். எங்கள் கரையில் மீனவர்கள் கைதாகும்போது அந்த வீடுகளின் அழுகையைக் கேட்டிருக்கிறேன், அது பொய்யில்லை. ஆனால் அறுந்த வலையின் மிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் எதிரில் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. இதைச் செய்வது நம் பக்கத்துப் படகுகள். அதை நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"மன்னிச்சுக்கங்க ஐயா" என்றேன். வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

"அதுகளும் வயித்துப்பாட்டுக்குத்தான் வருதுகள்" என்றார். பிறகு, "அங்கால நண்டு கிலோ என்ன விலை போகுது?" என்று கேட்டார். சொன்னேன். விரல்விட்டுக் கணக்குப் பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நண்டை எடுத்தார்.

பிற்பகல் படகுக்கு நேரமாகிவிட்டது. ஐஸ் பெட்டிகளை இறங்குதுறைக்குக் கொண்டுபோக ஆள் போதவில்லை. ஒன்றின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.