அப்பாவைக் கூட்டிட்டு வா

கல்லூரி அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள், பாளையங்கோட்டைப் பக்கம், அவ்வளவுதான். ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடினால் மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியர்கள், இந்தப் பக்கம் பையன், ஓரமாகக் கம்ப்யூட்டரோடு நான். தீர்ப்பு எப்போதும் ஒன்றுதான்: "அப்பாவைக் கூட்டிட்டு வா, லெட்டர் எழுதிக் குடு."

அந்த லெட்டர் என்னிடம் தயாராகவே இருக்கிறது. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். "இனி இத்தகைய செயலில் ஈடுபட மாட்டேன் என உறுதி கூறுகிறேன்." எத்தகைய செயல் என்று எழுத அதில் இடமே கிடையாது.

போன மாசம் களக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மகன் அடையாள அட்டை போடாமல் வந்து, கேட்ட வாட்ச்மேனை எதிர்த்துப் பேசிவிட்டான். ஒன்பதரைக்கே வந்தவர் பதினொன்றரை வரை நின்றார். முதல்வர் மீட்டிங்கில் இருந்தார். பெஞ்சில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாழைத்தார் சுமக்கிறவர். வெள்ளைச் சட்டையின் வலது தோளில் வாழைக்கறை. எந்தச் சோப்புக்கும் போகாத பழுப்பு. அதன் மேல் துண்டைப் போட்டு மறைத்திருந்தார். உள்ளே கூப்பிட்டதும் மரியாதைக்குத் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பையன் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, இதுல ஒரு கையெழுத்து" என்றேன்.

"எதுக்குன்னு சொல்லுங்க சார், போடுதேன்."

சொன்னேன். "அட்டை வீட்டுல ஆணியிலதான் தொங்குது சார். போன் போட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்து விட்டிருப்பனே" என்றார். ஒரு நாள் கூலி, பஸ் காசு, எல்லாம் அந்த அட்டைக்குப் போச்சு.

சரி, இதுகூடப் பரவாயில்லை என்று விட்டுவிடலாம். அதே வாரம் விடுதியில் முதலாண்டுப் பையன் ஒருவனை ராத்திரி ரெண்டு மணி வரை தூங்கவிடாமல் சீனியர்கள் தங்கள் துணியைத் துவைக்க வைத்தார்கள். அதற்கும் இதே லெட்டர்தான். 1996-ல் சிதம்பரத்தில் பொன் நாவரசு என்ற மருத்துவ மாணவன் ராகிங்கில் கொல்லப்பட்ட பிறகுதான் 1997-ல் இங்கே ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை உண்டு. குற்றமாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குப் போக வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதியும் சொல்கிறது. எங்கள் குழு சொன்னது, "நம்ம பிள்ளைங்கதான, லெட்டர வாங்கிட்டு விடுங்க."

இன்ன சாதி என்று காட்டக் கையில் கட்டுகிற கலர் கயிறும் இப்படித்தான். நாங்குநேரியில் 2023-ல் சாதி வெறியில் ஒரு பள்ளி மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, பள்ளிப் பிள்ளைகள் கையில் அது கூடாதென்று 2024-ல் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் கழற்றினால் கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். கேட்டில் முடி நீளத்தை அளக்கிற கண்ணுக்கு மணிக்கட்டு தெரிவதில்லை.

போன வாரம் லெட்டரில் நானாகவே ஒரு வரி சேர்த்தேன்: "செய்த செயல்: ..................". குழுத் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது எதுக்குவே? ஃபைல்ல நிக்கும்லா!"

எடுத்துவிடச் சொன்னார். இன்னும் எடுக்கவில்லை.