எட்டுத் தூண்களுக்கு நடுவே

கத்தோலிக்கத் திருச்சபையின் புனிதச் சடங்குகளான ஏழு அருளடையாளங்களையும் வரிசை தப்பாமல் சொல்ல எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாரித்தபோது மனப்பாடம் செய்தது. பாட்டி அவற்றை 'தேவதிரவிய அனுமானம்' என்பார், மறைக்கல்வி வகுப்பில் 'அருளடையாளம்' என்பார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று புரியவே கொஞ்ச நாள் ஆனது. பின்னால் இறையியல் படிக்கச் சேர்ந்து, அந்தத் தாளில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத் தொட்டிப் பக்கம் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. ஒருமுறை ஒரு குருவானவர் வெளியே வரிசையில் நின்றவர்களுக்கே கேட்கிற மாதிரி என்னைத் திட்டிவிட்டார், அதோடு சரி. இந்த மனுஷனா கடவுளின் மன்னிப்பைத் தரப்போகிறார் என்று ஒரு வீம்பு.

இன்னொரு உறுத்தலும் உண்டு. நான் பிறந்ததும் உயிர் தங்குமா என்றே தெரியாத நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேனாம். அறுவை முடிந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்த அம்மா, இரவு வேலையில் இருந்த நர்ஸிடம் திருமுழுக்குக்கு, அதாவது ஞானஸ்நானத்துக்கு, சொல்லவேண்டிய வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்து, என் தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார். அந்த நர்ஸ் கிறிஸ்தவர் இல்லை. நான் பிழைத்த பிறகு கோவிலில் எண்ணெய் பூசுவது போன்ற மீதிச் சடங்குகளை மட்டும் செய்தார்கள், தண்ணீரை மறுபடி ஊற்றவில்லை. திருச்சபைச் சட்டப்படி அது செல்லும், ஆபத்து நேரத்தில் சரியான நோக்கத்தோடு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று பாடத்தில் நானே எழுதியிருக்கிறேன். ஆனாலும் மனதுக்குள் என்னுடையது ஏதோ அவசரத்துக்கு ஒப்பேற்றிய திருமுழுக்கு என்றுதான் நினைப்பு.

இதையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் வகுப்புத் தோழர்களோடும் எங்கள் பேராசிரியர் ஃபாதரோடும் ரோமைக்குத் திருப்பயணம் போனேன்.

முதலில் ஆப்பியா சாலையில் இருக்கும் புனித கலிஸ்து நிலத்தடிக் கல்லறைகள். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே இறங்க இறங்கக் குளிர். திருத்தந்தையர் (போப்புகள்) பலர் அடக்கம் செய்யப்பட்ட அறையைத் தாண்டி, வரிசையாகச் சில சின்ன அறைகள். 'அருளடையாள அறைகள்' என்றே அவற்றுக்குப் பெயர். 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ஓவியங்கள். தண்ணீரில் நிற்கும் ஒரு சின்ன உருவம், அதன் தலையில் பெரியவர் ஒருவரின் கை. அப்பமும் மீனும் வைத்து விருந்தில் அமர்ந்த ஏழு பேர். கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் முடக்குவாதக்காரர், இவரை ஒப்புரவின், அதாவது பாவமன்னிப்பின், அடையாளமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் எதிர்பார்த்ததைவிட எல்லாமே ரொம்பச் சிறிது, அவசரமாகத் தீட்டிய மாதிரி கோடுகள். திருச்சபை அருளடையாளங்கள் ஏழு என்று திரெந்து என்ற ஊரில் ஆயர்கள் கூடிய சங்கத்தில் அறுதியிட்டுச் சொன்னது 1547-இல். அதற்கு ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்பே, எண்ணிக்கை பற்றிய கவலையெல்லாம் இல்லாமல், யாரோ தங்கள் வீட்டுக் கல்லறைச் சுவரில் தண்ணீரையும் அப்பத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்கள். செத்தவர்களுக்குப் பக்கத்தில் எதை வரைவோம்? நம்பியதைத்தானே.

வெளியே வந்து மர நிழலில் உட்கார்ந்தபோது ஃபாதர் கலிஸ்துவின் கதையைச் சொன்னார். இந்தக் கல்லறைக்குப் பெயர் கொடுத்தவர் முதலில் ஓர் அடிமை. சார்தீனியாவின் சுரங்கங்களில் தண்டனை அனுபவித்தவர். பிறகு குருவுக்கு அடுத்த படியான திருத்தொண்டராகி இந்தக் கல்லறையை நிர்வகித்து, 217 வாக்கில் திருத்தந்தையானார். பெரிய பாவம் செய்து மனம் திரும்பியவர்களையும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம் என்றார். இப்போலித்து என்ற அறிஞருக்கு அது பொறுக்கவில்லை, கலிஸ்துவின் பழைய கதையை எல்லாம் கிளறி எழுதிவைத்துவிட்டார். அந்த அடிமை, சுரங்கம் எல்லாம் நமக்குத் தெரிவதே அந்த எதிராளி எழுதியதால்தான்! இன்றைக்கு இருவருமே புனிதர்கள், அது வேறு விஷயம்.

"தண்டனைக் கைதியாக இருந்தவர் மன்னிப்பு கொடுத்தால் அது செல்லுமா, ஃபாதர்?" என்று கேட்டேன். கலிஸ்துவைப் பற்றித்தான் கேட்கிற மாதிரி.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அகுஸ்தீனார் தாளில் நீ என்ன எழுதினாய்?" என்றார். பழங்காலத் திருச்சபையின் பெரிய இறையியலாளர் அவர். எழுதியது நினைவிருந்தது. துன்புறுத்தலுக்குப் பயந்து மறைநூல்களை ஒப்படைத்தவர்கள் தரும் அருளடையாளம் செல்லாது என்று தொனாத்தியர் என்ற பழைய கிறிஸ்தவப் பிரிவினர் பிடிவாதம் பிடித்தபோது, பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே, யூதாசு கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்துவே என்று அகுஸ்தீனார் சொன்னது. பத்து மதிப்பெண் கேள்வி அது.

மறுநாள் லாத்தரன், ரோமையில் திருத்தந்தையின் பேராலயம் இருக்கும் இடம். காலையில், இயேசு ஏறிய படிகள் என்று பக்தர்கள் போற்றும் திருப்படிகள் இருபத்தெட்டையும் முழங்காலால் ஏறினோம். உண்மையைச் சொன்னால் முழங்கால் வலித்ததைத் தவிர எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. அப்புறம்தான் பேராலயத்துக்குப் பின்பக்கம் இருக்கும் திருமுழுக்கு மண்டபத்துக்குப் போனோம். கான்ஸ்டன்டைன் காலத்தில் தொடங்கியது, திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ் 5-ஆம் நூற்றாண்டில் திருத்திக் கட்டினார். எட்டுப் பட்டைக் கட்டடம், நடுவில் பள்ளமான தொட்டி, சுற்றிலும் செவ்வூதா நிறத்தில் எட்டுத் தூண்கள். எட்டு என்பது கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாள், வாரத்தின் ஏழு நாட்களைத் தாண்டிய எட்டாம் நாள். அந்தக் காலத்தில் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில் உள்ளே இறங்கி, தண்ணீரில் மூழ்கி, ஏறி வந்திருக்கிறார்கள்.

தூண்களுக்கு மேலே சுற்றிவரும் கல்லில் லத்தீன் வரிகள் செதுக்கியிருக்கின்றன. எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குத்தான் என் லத்தீன், மீதியை ஃபாதர் சொன்னார். இது உலகையே கழுவும் வாழ்வின் ஊற்று, கிறிஸ்துவின் காயத்திலிருந்து புறப்படுகிறது என்று ஒரு வரி. மறுபடி பிறப்பவர்களுக்குள் எந்த வேறுபாடும் இல்லை, ஊற்று ஒன்று, ஆவி ஒன்று, நம்பிக்கை ஒன்று என்று இன்னொன்று. பாவங்களின் எண்ணிக்கையோ தன்மையோ யாரையும் அச்சுறுத்த வேண்டாம் என்று மற்றொன்று.

தண்ணீரை ஊற்றுபவரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா என்று தேடினேன். ஃபாதர் சொன்ன வரிகளில் இல்லை. ஊற்று, ஆவி, தாயாகிய திருச்சபை, பிறக்கிற பிள்ளை, அவ்வளவுதான். திருத்தந்தையர் கட்டிய மண்டபத்தின் உச்சியிலேயே ஊற்றுபவருக்கு இடம் ஒதுக்கவில்லை என்றால், ஒரு மருத்துவமனை அறையில் கைநடுங்க நாலு சொட்டு ஊற்றிய பெண்ணின் தண்ணீரும் இந்தத் தொட்டித் தண்ணீரும் ஒன்றுதான். நான் இத்தனை நாள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸின் கை, என்னைத் திட்டியவரின் கை.

(திட்டியது சரி என்று இன்றும் சொல்லமாட்டேன். அது வேறு, அவர் கடைசியில் சொன்ன பாவமன்னிப்பு வார்த்தைகள் வேறு என்று பிரித்துப் பார்க்கத்தான் தெரியாமல் போயிற்று.)

பேராலயத்துக்குள் பாவசங்கீர்த்தனத் தொட்டிகளில் எந்தெந்த மொழி என்று எழுதிப் போட்டிருந்தது. வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று விதித்ததே 1215-இல் இங்கே கூடிய நான்காம் லாத்தரன் சங்கம்தான். விதியாகப் போடவேண்டி வந்ததென்றால் என்னைப் போன்றவர்கள் அப்போதும் இருந்திருக்கிறார்கள்! தமிழுக்குத் தொட்டி இல்லை. ஆங்கிலம் என்று போட்டிருந்த இடத்தில், பழைய பிரான்சிஸ்கன் அங்கி அணிந்த ஒரு முதியவரிடம், திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு வருட வீம்பையும் சொன்னேன். ஏனோ நர்ஸ் கதையையும் சொல்லிவிட்டேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் பாவமன்னிப்பு தந்துவிட்டு, பரிகாரமாக அந்த நர்ஸுக்காக 'அருள்நிறைந்த மரியே' என்ற செபத்தை ஒருமுறை சொல்லச் சொன்னார். ஒன்றே ஒன்று.

முழங்காலில் நின்று ஆரம்பித்த பிறகுதான் யோசித்தேன், அந்த நர்ஸின் பெயர் என்ன? இரவு விடுதிக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"தெரியலையேப்பா. காலையில அந்தப் பொண்ணு ட்யூட்டி முடிஞ்சு போயிட்டா."