ஸ்லைடில் கை வைக்கும் முன் கேள்வித்தாள்

உயரத்தில் வேலை செய்வது பற்றி ஆன்லைன் கோர்ஸ் வேண்டும் என்பார்கள். கூடவே 60 ஸ்லைடு பவர்பாயிண்ட் ஒன்றும் வரும். அதை அப்படியே ஸ்டோரிலைன் என்ற கோர்ஸ் தயாரிக்கும் மென்பொருளில் ஏற்றி, குரல் சேர்த்து, 'நெக்ஸ்ட்' பட்டன் வைப்பவர்கள்தான் அதிகம். ஆட்கள் பட்டனை அழுத்திக்கொண்டே போவார்கள், அவ்வளவுதான்.

முதலில் கேள்விகளை எழுதுங்கள். சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய இடத்தில் வேலை என்றால் பெர்மிட், அதாவது அந்த வேலைக்கான எழுத்துப்பூர்வ அனுமதி, கட்டாயம். "எத்தனை மீட்டர்?" என்று கேட்டால் மனப்பாடம்தான் தெரியும். இப்படிக் கேளுங்கள்: "வேலை 4 மீட்டர் உயரத்தில். காலையில் வாங்கிய பெர்மிட் பக்கத்து பிளாக்குக்கு. 'பத்து நிமிஷ வேலைதான், ஏறு' என்கிறார் சூப்பர்வைசர். என்ன செய்வீர்கள்?" தவறான விடைகள் சைட்டில் ஆட்கள் நிஜமாகவே செய்பவையாக இருக்கட்டும். 'பெல்ட் போட்டுக்கொண்டு ஏறுவேன்' என்பதைப் பலர் தேர்ந்தெடுப்பார்கள். அங்கே வெறும் 'தவறு' என்று காட்டாமல், பெல்ட் இருந்தாலும் பெர்மிட் ஏன் வேண்டும் என்று இரண்டு வரி சொல்லுங்கள். பாடமே அந்த இரண்டு வரிதான். எந்தக் கேள்விக்கும் உதவாத ஸ்லைடுகளைத் தயங்காமல் தூக்கிவிடலாம். கம்பெனி வரலாறுதான் முதலில் போகவேண்டும்.

தமிழில் வாக்கியம் நீளும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பட்டனில் அடங்காது, பெட்டிகளைத் தாராளமாக விடுங்கள். தமிழை ஆதரிக்காத ஃபாண்டில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற ஃபாண்ட் போதும். வாசகம் முடிவான பிறகே குரல் பதியுங்கள், ஸ்லைடுக்கு ஒரு ஃபைலாக. விதி மாறினால் ஒன்றை மட்டும் மறுபடி பதிந்தால் போதும்.

"முடித்துவிட்டேன், ஆனால் இன்கம்ப்ளீட் என்று காட்டுகிறது" என்ற புகார் நிச்சயம் வரும். கோர்ஸ் முடிந்ததாகப் பதிவாகும் இடத்தைக் கடைசி 'நன்றி' ஸ்லைடில் வைப்பதே பெரும்பாலும் காரணம். மதிப்பெண்ணைப் பார்த்ததும் போனை மூடிவிடுவார்கள், நன்றியை யார் பார்க்கிறார்கள்? பதிவை மதிப்பெண் பக்கத்திலேயே வையுங்கள். கோர்ஸ் தன் பதிவுகளைப் பயிற்சித் தளத்துக்கு அனுப்பும் முறைக்கு ஸ்கார்ம் என்று பெயர். இன்னொரு கோளாறு அதன் பழைய பதிப்பான ஸ்கார்ம் 1.2-இல் உண்டு: பாதியில் விட்ட இடத்தைச் சேமிக்க 4,096 எழுத்துகள்தான் இடம். நீளமான கோர்ஸில் அது நிரம்பிவிட்டால், திரும்ப வருபவர் முதல் ஸ்லைடிலோ, விட்ட இடத்துக்கு வெகு முன்னால் எங்கேயோ நிற்பார். கோர்ஸைத் துண்டுகளாக்குங்கள், அல்லது உங்கள் எல்எம்எஸ் (கோர்ஸை நடத்தி, யார் முடித்தார் என்று பதியும் பயிற்சித் தளம்) ஏற்றால் ஸ்கார்ம் 2004-க்கு மாறுங்கள். அதன் பிந்தைய பதிப்புகளில் 64,000 எழுத்துகள் வரை இடமுண்டு.

சோதனையை அட்மின் கணக்கில் செய்யாதீர்கள். சாதாரண ஊழியர் கணக்கில், விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், டார்மிட்டரி வைஃபையில் திறந்து பாருங்கள். ஒருமுறை பாதியில் மூடுங்கள், ஒருமுறை வேண்டுமென்றே ஃபெயில் ஆகுங்கள், பிறகு ரிப்போர்ட்டில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள்.